கூடுவாஞ்சேரி சாம்பிளுக்கு நான் போட்ட இஸ்திரி

வெளியூர் பஸ்களை எல்லாம் கிளாம்பாக்கத்துக்கு மாற்றினார்களே, அதற்குப் பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் நடந்தது இது, தம்பி. வருஷத்தை எண்ணிச் சொல்ல எனக்கு வராது. பெருங்களத்தூரில் மூட்டை முடிச்சோடு ரோட்டோரம் நின்று, தெற்கே போகிற பஸ்ஸுக்குக் கை காட்டுகிற கூட்டம் கரைந்துபோன வருஷம் என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். அந்தக் கூட்டத்தை நம்பிச் சுண்டல் விற்ற என் மச்சான் அப்போது வேறு இடம் தேடி அலைந்தான். அவனோடு நானும் அலைந்தேன். அதனால்தான் அந்த மழை எனக்கு மறக்கவில்லை. ஒரு நாள் தாம்பரம் சப்வேயில் முழங்கால் தண்ணீரில் இரண்டு பேரும் நின்றபோது அவன் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று இன்றைக்கும் தெரியாது. அது வேறு கதை.

நான் சேலையூர் பக்கம் ஒரு காலனி முனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவன். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எந்தத் துணி எந்த வீடு என்று எழுதிவைப்பதும் கிடையாது. துணியைப் பார்த்தாலே வீடு தெரியும். அந்த வருஷம்தான் கரிப் பெட்டியை விட்டுவிட்டு, கேஸ் பெட்டிக்கு மாறியிருந்தேன். கரிப் பெட்டி கனமாக இருக்கும், அதுவே அழுத்திக்கொள்ளும். கேஸ் பெட்டி லேசு. நாம்தான் தோளைக் கொடுத்து அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது, எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பதும் பழகிவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துணியில் எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கறை இருக்கும், கிழிசல் இருக்கும், கக்கத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி மடித்துக் கொடுக்க வேண்டும். என் அண்ணன் குரோம்பேட்டையில் வண்டி போட்டிருந்தான். ஒரு வீட்டிலிருந்து வாராவாரம் ஆபீஸ் சட்டைகள் வரும். கொஞ்ச நாளாக வரவில்லை. அண்ணன் அந்த வீட்டு அம்மாவிடம், "இன்னாம்மா, சார் வேலைக்குப் போறதில்லியா?" என்று கேட்டுவிட்டான். அந்த சாருக்கு வேலை போய்விட்டது. தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கே தெரியாது. அதற்குப் பிறகு அந்த வீட்டுத் துணி மட்டுமல்ல, அந்தத் தெருத் துணியே அண்ணனுக்கு வரவில்லை. சாகிற வரைக்கும் என்னிடம் சொல்வான், "டேய், நம்ம கைதான் பேசணும். வாயி பேசக் கூடாது." நானும் அப்படியே இருந்துவிட்டேன். அதை ஒரு நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலனியில் பச்சை கேட் போட்ட வீடு ஒன்று. டீச்சரம்மா வீடு என்றுதான் சொல்வோம். டீச்சரம்மா ரிடையர் ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவர் கட்டுகிற காட்டன் புடவைக்குச் சனிக்கிழமையே நான் இஸ்திரி போட்டு வைத்துவிட வேண்டும். அவருக்கு ஒரே பெண். அதை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். சின்னதில் யூனிஃபார்ம் மடிப்பு கலைந்தால் வண்டியிடமே வந்து அழும். வளர்ந்து, சோழிங்கநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வேலையை விட்டுவிட்டது.

"இன்னா பாப்பா, ஆபீஸ் துணியே காணோம்?" என்று நான் கேட்கவில்லை. அண்ணன் கதை தெரிந்தவன் கேட்பேனா? அதுவே வந்து சொன்னது.

"தாத்தா, சொந்தமா பிராண்ட் ஆரம்பிக்கப் போறேன். லேடீஸ் டாப்ஸ். எல்லாத்துலயும் பாக்கெட் இருக்கும். ஆம்பளைங்க சட்டையில எத்தனை பாக்கெட் அயர்ன் பண்றீங்க? எங்க துணியில ஒண்ணாவது பார்த்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

துணி எங்கே வாங்குவது, பாக்கெட் எவ்வளவு ஆழம் என்று எல்லாம் பாப்பாவுக்குத் தெளிவாக இருந்தது. தைத்துத் தர ஆள்தான் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பல்லாவரம், பம்மல் என்று சுற்றியது. ரயிலேறித் திருப்பூருக்கும் போய்வந்தது. துணி போட வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்லும். ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கில் தைத்தால்தான் பேசவே உட்காருவார்களாம். ஓர் இடத்தில் எது கேட்டாலும் "பண்ணிடலாம் மேடம்" என்றார்களாம், ஆனால் கொடுத்த துணி ஒன்று, தைத்துக் காட்டிய துணி வேறு.

"ஒரு நல்ல யூனிட் கிடைக்கிறதுக்குள்ள உயிர் போயிடும் போலிருக்கு தாத்தா."

"மெட்ராஸ்ல டைலருக்கா பஞ்சம்? சந்துக்குச் சந்து மிஷின் ஓடிகினு கீது."

"டைலர் வேற, இது வேற. ஒண்ணு நல்லா தைக்கிறது ஈஸி. அதே மாதிரி நூறு தைக்கணும். முதல் பீஸும் கடைசி பீஸும் ஒண்ணா இருக்கணும்."

"நூறு இட்லி ஊத்துனா நூறும் ஒண்ணாவா வருது?"

"அதுக்குத்தானே இட்லித் தட்டு இருக்கு! நான் அந்தத் தட்டைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

சிரித்துவிட்டு, வண்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு சொன்னது:

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி முதல் சரக்கு வெளிய வந்தாகணும் தாத்தா. முதல்ல வாங்கறவங்கதான் நாலு பேருக்குச் சொல்வாங்க. அது கெட்டுப்போச்சுன்னா ரெண்டாவதுன்னு ஒண்ணு கிடையாது. பேசாம ஆபீஸ் ஐடி கார்டை மறுபடி மாட்டிக்க வேண்டியதுதான்."

இதை என்னிடம் சொன்னது. வேறு யாரிடமோ சொன்னதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. அந்தச் சரக்கு அதற்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கடைசியில் இரண்டு இடம் மிஞ்சியது. ஒன்று கூடுவாஞ்சேரியில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி, கண்ணாடி ஆபீஸ் வைத்த கம்பெனி. இன்னொன்று திருமுடிவாக்கத்தில், தம்பி, உங்கள் பட்டறை இருக்கிறதே அதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். ஓர் அம்மா நடத்துகிறார், தைக்கிறவர்களும் எல்லாரும் பெண்கள்தான். ஒரே துணியை இரண்டு பேருக்கும் கொடுத்து, ஆளுக்கு ஒரு சாம்பிள் தைத்துத் தரச் சொல்லியிருந்தது பாப்பா.

திருமுடிவாக்கத்து அம்மா தன் சாம்பிளைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் இறங்கி, ஒரு துணிப்பையைத் தலைக்கு மேலே பிடிக்காமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நனைந்துகொண்டே வந்தார்.

"அண்ணாத்த, பாக்கெட் வெச்ச டாப்பு போடுற பொண்ணு வூடு எது?"

"பச்சை கேட்டு. ஆனா பூட்டிகீது. டீச்சரம்மா சர்ச்சுக்குப் போய்கீறாங்க. பொண்ணு எங்கியோ சுத்திகினு கீது."

"ஐய, இம்மாந்தூரம் வந்து பேஜாரா பூட்ச்சே."

"ஒக்காரும்மா. வந்துருவாங்க. மழைக்கு இந்த தார்ப்பாய் போதும்."

ஸ்டூலைத் தள்ளினேன். டீக்கடையில் சொல்லி டீ வந்தது. பையிலிருந்து டாப்பை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்து கசங்கியிருந்தது.

"இன்னாம்மா, புதுத் துணி, தொவைச்ச துணி மாதிரி கீது?" என்றேன். துணி சம்பந்தமாக நானே வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். வாடிக்கை இல்லாதவர் என்பதால் கேட்டேனோ என்னவோ.

"கரெக்டா புட்சிட்ட. தண்ணில போட்டு, காய வெச்சி, அப்பாலதான் வெட்டினேன். இல்லாங்காட்டி மொதத் தொவையல்ல இழுத்துக்கும். கண்ணுக்குப் பளபளன்னு இருக்காது. ஆனா நீ பத்துத் தொவையல் தொவைச்சிப் பாரு, அப்பயும் இதே மூஞ்சிதான்."

"நம்ம மூஞ்சியும் அப்டிதாம்மா. எத்தினி தொவைச்சாலும் இதேதான்."

டீ புரையேறச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தீவாளி முடிஞ்சா எங்களுக்கு வேலை படுத்துக்கும் அண்ணாத்த. இந்த ஆர்டர் வந்துச்சின்னா ஒருத்தரையும் நிறுத்த வேணாம். ஆண்டவன் வுட்ட வழி."

டீச்சரம்மா வரவில்லை. சாம்பிளை என்னிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பாப்பா வந்ததும் நான் கொடுத்தேன். துணியைத் தண்ணீரில் போட்டு வெட்டினார் என்று நான் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு நாளில் கூடுவாஞ்சேரி சாம்பிளும் வந்தது. காரில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிக் கவர், உள்ளே அட்டை, கழுத்தில் சீட்டு. பாப்பா கவரைப் பிரிக்காமல் அப்படியே இரண்டையும் வண்டியில் வைத்தது.

"ரெண்டையும் போட்டோ எடுக்கணும் தாத்தா. ஒரே மாதிரி அயர்ன் பண்ணிக் குடுங்க. அப்பதான் நியாயமா பார்க்க முடியும்."

முதலில் திருமுடிவாக்கத்துத் துணியை விரித்தேன். விரித்ததும் படுத்துக்கொண்டது. தையலும் தையலும் தானாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தது. இரண்டு தடவை பெட்டியை ஓட்டினேன், முடிந்தது. அதில் எனக்கு வேலையே இல்லை.

அடுத்து கூடுவாஞ்சேரித் துணியின் கவரைப் பிரித்தேன். அட்டையை எடுத்ததும் பக்கத் தையல் இரண்டும் நூல் இழுத்துச் சுருங்கிச் சுருங்கி நின்றது. மடிக்கப் பார்த்தால் கீழ் விளிம்பு ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஒரு பக்கம் முன்னால் ஓடுகிறது. நான் டைலர் இல்லை. ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஆனால் பெட்டிக்குக் கீழே ஒரு துணி முரண்டு பண்ணுவது கைக்குத் தெரியாமல் போகுமா?

அங்கே நிறுத்தியிருக்கலாம். அப்படியே லேசாக ஓட்டிக் கொடுத்திருந்தால்கூடப் போதும், பாப்பா கண்ணாலேயே பார்த்திருக்கும். என் கை நிற்கவில்லை. முரண்டு பண்ணுகிற துணியை அப்படியே திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. தண்ணீர் தெளித்தேன். விளிம்பைப் பிடித்து இழுத்து, தையலைத் தையலோடு சேர்த்தேன். ஈரத் துணியை மேலே போட்டு, தோளைக் கொடுத்து அழுத்தினேன். புகை மாதிரி ஆவி வந்தது. மறுபடி தெளித்தேன், மறுபடி அழுத்தினேன். மற்ற வாடிக்கைத் துணியெல்லாம் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அது கத்தி மாதிரி நேராக வந்தது. ஹேங்கரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஒரே மாதிரி போடச் சொன்னது பாப்பா. நான் அப்படிப் போடவில்லை.

டீச்சரம்மாவும் பாப்பாவும் சேர்ந்து வந்தார்கள். புங்க மரத்துக் கிளையில் இரண்டு டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டுப் பார்த்தார்கள்.

"இது ஏண்டி பழசு மாதிரி இருக்கு? யாரோ ரெண்டு வருஷம் போட்ட மாதிரி," என்றார் டீச்சரம்மா, திருமுடிவாக்கத்தைக் காட்டி.

"அந்தம்மா நல்லாத்தான் பேசினாங்க. ஆனா ஃபினிஷிங்ல வித்தியாசம் தெரியுதும்மா. இதைப் பாரேன், கடையில தொங்கற மாதிரி இருக்கு." பாப்பா கூடுவாஞ்சேரித் துணியின் தையலைக் கீழே வரைக்கும் விரலால் தடவியது. எனக்கு அது என் முதுகைத் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது: "தாத்தா, நீங்க எவ்வளவு துணி பார்த்திருப்பீங்க. சொல்லுங்க, எதை எடுக்கலாம்?"

திருமுடிவாக்கம் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால், அது கம்பெனி ஃபினிஷிங் இல்லை, என் ஃபினிஷிங் என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கெதற்கு என்று அண்ணன் குரல் கேட்டது. கேட்டதா, நானே கூப்பிட்டுக்கொண்டேனா, தெரியாது.

"ரெண்டுமே நல்லாதான் கீது பாப்பா," என்றேன்.

ஆர்டர் கூடுவாஞ்சேரிக்குப் போனது. திருமுடிவாக்கத்து அம்மாவுக்கு, ஃபினிஷிங் சரியில்லை என்று பாப்பா போனில் சொல்லிவிட்டதாம்.

கிறிஸ்மஸ் வாரம் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. காலனியில் பாதி வீடு கிறிஸ்தவர்கள். அங்கிகள், பாட்டுக் குழுவின் வெள்ளைத் துணிகள், பட்டுப் புடவைகள் என்று வண்டி கொள்ளாது. கிறிஸ்மஸ் அன்று காலையில் சர்ச் விட்டு ஜனம் தெருவில் வந்தது. அதில் நிறையப் பெண்கள் பாப்பாவின் டாப்ஸ் போட்டிருந்தார்கள். எல்லோரும் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நடந்தார்கள். ஒரு சின்னப் பெண் பாக்கெட்டுக்குள் கேக்கையே வைத்திருந்தது. பாப்பா கேட்டருகே நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. என்னிடம் ஓடி வந்து, "தாத்தா, போன்ல எவ்ளோ பேர் கேட்கறாங்க தெரியுமா!" என்றது. என் வீட்டுக்கும் கேக் வந்தது. நான் சாப்பிட்டேன்.

பொங்கலுக்குள் எல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு துவையல்கூடத் தாங்கவில்லை. பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு முன்னால் வந்துவிட்டது. பாக்கெட் ஒன்று தொப்புளுக்குப் பக்கத்தில், ஒன்று பின்னால். வாங்கினவர்கள் போட்டோ பிடித்து எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டுத் திட்டினார்கள். இதையெல்லாம் டீச்சரம்மா இஸ்திரி போட்ட புடவையை வாங்க வந்தபோது சொன்னார். பாப்பா பல நாள் வெளியே வரவில்லை.

ஒரு நாள் மதியம், நல்ல வெயில், பாப்பா பெரிய மூட்டையோடு வந்தது. முகம் காய்ந்திருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, கையில் தனியாக ஒரு டாப்பை வைத்துக்கொண்டது. பார்த்ததும் தெரிந்தது. அந்தச் சாம்பிள். நான் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது.

"இதெல்லாம் ரிட்டர்ன் வந்தது தாத்தா. நல்லா அழுத்தி அயர்ன் பண்ணிக் குடுங்க. கோவளத்துல ஒரு எக்ஸிபிஷன், ஸ்டால் போடறேன். கம்மியா வித்துத் தள்ளிடலாம்னு அம்மா சொல்றாங்க." பிறகு கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டியது. "இதைப் பாருங்க. இதான் அவங்க குடுத்த சாம்பிள். எவ்ளோ நேரா இருக்கு! அவங்ககிட்ட கேட்டா, சாம்பிளை ஓகே பண்ணது நீங்கதானே மேடம், அதே மாதிரிதான் தைச்சோம்னு பேசறாங்க. இதை எடுத்துட்டுப் போய் மூஞ்சியில விட்டெறியப் போறேன். சாம்பிளுக்கு ஒரு கை, சரக்குக்கு ஒரு கை. ஏமாத்துக்காரங்க."

நான் கேஸை அணைத்தேன்.

"அத்தையும் தண்ணில போடு பாப்பா."

"எதை?"

"அந்தச் சாம்பிளத்தான். மூஞ்சில வுட்டெறியறதுக்கு மின்ன ஒரு தபா தண்ணில போட்டுப் பாத்துடு."

புரியாமல் பார்த்தது. நானே அதன் கையிலிருந்து வாங்கி, தெளிக்க வைத்திருக்கிற வாளித் தண்ணீரில் முக்கினேன். கசக்கவில்லை, முக்கினேன், அவ்வளவுதான். பிழிந்து, அதே புங்க மரக் கிளையில் போட்டேன். யாரோ துணி கேட்டு வந்தார்கள், அப்புறம் வாங்க என்றேன். வெயிலுக்குத் துணி சீக்கிரம் காய்ந்தது. காயக் காயத் தையல் இழுத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பி, முன்பக்கம் வந்தது. விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மூட்டையில் இருக்கிறதும் இதுவும் ஒன்றுதான். அவர்கள் சொன்னது உண்மை, அதே மாதிரிதான் தைத்திருக்கிறார்கள்.

பாப்பா கிளையருகே போய்த் தையலைத் தொட்டுப் பார்த்தது.

"அப்போ அன்னிக்கு எப்படி நேரா இருந்தது?"

"நாந்தான்மா. இழுத்து வெச்சி அழுத்திட்டேன்."

"தெரிஞ்சேவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்பவே ஏன் தாத்தா சொல்லலை?"

"எங்க தொழில்ல, துணியப் பத்தி, கேக்காத வெஷயத்த..."

"நான் கேட்டேனே." சத்தம் போடவில்லை. அது போட்டிருக்கலாம். "இதே இடத்துல நின்னு கேட்டேன். எதை எடுக்கலாம்னு உங்களைக் கேட்டேன் தாத்தா."

இன்றைக்கும் ராத்திரி படுத்தால் ஏதாவது ஒரு பதில் ஓடுகிறது. வயசு, பழக்கம், அண்ணன் என்று. ஒன்றும் நிற்கவில்லை. பாப்பா கேட்டது. நான் சொல்லவில்லை.

மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. கோவளத்துக்கும் போகவில்லை. அதை மட்டும் பெருமையாகச் சொல்வேன், என் பெருமை இல்லை, அதனுடைய பெருமை. வாங்கின ஒவ்வொருவருக்கும் தப்பு எங்களுடையது என்று எழுதிப் போட்டதாம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரம்மா புடவை கட்டுவதில்லை. மூட்டையிலிருந்து ஒரு டாப்பைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறார். தையல் வயிற்றுக்கு முன்னால் கோணிக்கொண்டு நிற்கிறது. என்னிடம் இஸ்திரிக்கும் கொடுப்பதில்லை. வண்டியைத் தாண்டும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று எப்போதும் போலத்தான் கேட்கிறார். தலையை நிமிர்த்தாமல் ஆச்சும்மா என்கிறேன்.

பாப்பா இன்னும் ஆபீஸுக்குத் திரும்பிப் போகவில்லை. மறுபடி ஒரு தடவை, சின்னதாக, செய்து பார்க்கலாம் என்றிருக்கிறது. சில நாள் கழித்து வந்து, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், அதுவாகவே சொன்னது:

"திருமுடிவாக்கம் அக்காவுக்குப் போன் பண்ணேன் தாத்தா. திரும்பத் தைச்சுத் தருவீங்களான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"'எங்க ஃபினிஷிங் சரியில்லன்னு சொன்னீங்களே மேடம். ஃபினிஷிங் பார்க்கிற அம்மாவ அன்னிக்கே நிறுத்திட்டேன். இன்னும் இன்னா வேணும்?' அப்படின்னாங்க. கட் பண்ணிட்டாங்க. அப்புறம் எடுக்கவே இல்லை."

ஃபினிஷிங் பார்க்கிற அம்மா என்றால் யார் என்று கேட்டேன். தைத்த துணியில் தொங்குகிற நூலை வெட்டி, கடைசியாக இஸ்திரி போட்டு மடிக்கிறவராம்.

இஸ்திரி போடுகிறவர். பாப்பாவுடைய சரக்கு கெட்டது, அது படித்த பெண், எழுந்துகொள்ளும். டீச்சரம்மா மன்னித்தாலும் மன்னிப்பார். ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பொம்பளை, தன் கை சரியில்லை, தான் போட்ட மடிப்பு சரியில்லை, அதனால்தான் இத்தனை பேர் நம்பியிருந்த ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் துணி விரித்ததும் படுத்துக்கொண்டதே! அதில் அந்த அம்மாவின் கை இருந்தது. எனக்கு வேலையே வைக்காத கை.

நான் போகாமல் இல்லை. ஒரு நாள் வண்டியை மூடிவிட்டு, இரண்டு பஸ் மாறித் திருமுடிவாக்கம் போனேன். விசாரித்து ஷெட்டைக் கண்டுபிடித்தேன். சாப்பாட்டு நேரம். கதவு திறந்திருந்தது. மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா யாருக்கோ குழம்பு ஊற்றிக்கொண்டே எதையோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் இஸ்திரி மேஜை இருந்தது. அதன்மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண், "யாரு பெரியவரே, இன்னா வேணும்?" என்று கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, அட்ரஸ் மாறிப் பூட்ச்சி," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன்.

அதனால்தான் தம்பி, உங்கள் காக்கிச் சட்டைகளை மடித்துக் கொடுக்கிற சாக்கில் இத்தனை நேரம் நிறுத்தி வைத்துவிட்டேன். நீங்கள் தினமும் அந்தப் பக்கம் போகிறவர். உங்கள் பட்டறைக்குப் பின்னால், தண்ணீர் லாரிகள் நிற்கிற இடத்தைத் தாண்டினால் நீலத் தகரம் போட்ட ஷெட். அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். மழையில் டீ வாங்கிக் கொடுத்த சேலையூர் இஸ்திரிக்காரன் சொன்னான் என்று சொல்லுங்கள். உங்கள் ஃபினிஷிங்கில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் மாட்டின துணியை இவன் இழுத்துப் பிடித்து அழுத்திவிட்டான், கேட்டபோதும் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். நிறுத்தின அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். முதலில் அதைச் சொல்லுங்கள். ஆர்டர் பேச்சைப் பாப்பா பேசிக்கொள்ளும். திட்டினார் என்றால் கேட்டுக்கொண்டு வந்து, திட்டினதை அப்படியே என்னிடம் சொல்லுங்கள்.